மாஸ்டர் கொக்கி போட்ட நேரம்

மூன்று மாதமாக ஒரு பாராட்டு என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. மாஸ்டர் வீட்டு இசைக் கோஷ்டியின் கடைசிக் கச்சேரிக்கு வைகாசியில் படம் எடுக்கப் போனவன் நான். கச்சேரியின் கடைசி நிமிடத்தில் கமெராவை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று மறுநாள் முகநூலில் நாலு வரி எழுதிப் போட்டேன். எழுதும்போது கண் கலங்கியது. போட்ட பிறகு கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, மறைப்பானேன். எல்லாரும் போனுக்குள்ளால் உலகத்தைப் பார்க்கிற காலத்தில் கண்ணால் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான் என்று கொழும்பிலிருந்து ஒருவர் எழுதினார். கலைஞன் மனசு என்றால் இதுதான் என்று இன்னொருவர். கும்பிடுகிற கை, அழுகிற முகம், சிவப்பு இதயம் எல்லாம் வந்து குவிந்தன. இன்றைக்கும் கடைக்குப் பாஸ்போர்ட் படம் எடுக்க வருகிறவர்களில் சிலர் அதைச் சொல்லிவிட்டுத்தான் கதிரையில் உட்காருகிறார்கள்.

அவர்கள் நினைப்பது பிழை. நான் செய்தது அதைவிடப் பிழை. அந்த நாலு வரியை அழிப்பதற்கு முன் நடந்ததை முழுதாக எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

கோஷ்டியைப் பற்றி மட்டக்களப்பு ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பெயரைப் போட வேண்டாம் என்று டீச்சர் சொன்னதால் ஊர் கூப்பிடுகிற மாதிரியே எழுதுகிறேன். மாஸ்டர் பாடசாலையில் சங்கீதம் படிப்பித்தவர். ஆர்மோனியமும் பாட்டும் அவர். டீச்சர் அவருடைய மனைவி, ஒரு நாளும் மேடை ஏறாதவர். ஆனால் என்ன பாட்டு, எந்த வரிசை, யார் முற்பணம் தந்தது, யார் இன்னும் தரவில்லை எல்லாம் அவருடைய கொப்பியில்தான் இருக்கும். மூத்தவன் ஓகன் (கீபோர்ட்) வாசிப்பவன், என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன், இப்போது ரொறன்ரோவில். நடுவிலான் பேஸ் கிட்டார். மகள் பாட்டு. சின்னவன் முதலில் ட்றம்ஸ், பிறகு ஒக்டபாட் என்கிற மின் ட்றம். மருமகன் தபேலா. தபேலா வாசிக்கத் தெரிந்ததால்தான் பெண் கொடுத்தார்கள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. டீச்சர் அதை மறுத்து நான் கேட்டதில்லை.

நாற்பது வருடத்துக்கு ஒன்றிரண்டுதான் குறைவு. மண்முனைப் பாலம் 2014இல்தான் வந்தது; அதற்கு முன் வாவியின் கிழக்கே எழுவான்கரையிலிருந்து மேற்கே படுவான்கரைக்குப் போகிற பல கோயில் கச்சேரிகளுக்குச் சாமான் முழுக்கப் பாதையில் ஏறும். (வெளியூர் ஆட்களுக்கு: இங்கே பாதை என்றால் வாவியைக் கடக்கிற மிதவை. றோட்டுக்கு றோட்டு என்றுதான் சொல்வோம்.) மண்டூர்ப் பக்கம் என்றால் குருமண்வெளியில் ஏற்றி மண்டூரில் இறக்கி, அங்கிருந்து உழவு இயந்திரப் பெட்டியில் போவார்கள். மின்சாரம் இல்லாத ஊர்களுக்கு லைட் இஞ்சினையும் (ஜெனரேட்டர்) கொண்டுபோக வேண்டும். சண்டைக் காலத்தில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் ஆர்மோனியப் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். மாஸ்டர் கொக்கியைக் கழற்றி, இரண்டு சுரம் வாசித்துக் காட்டி, மறுபடி மாட்டுவார். ஒரு தடவை வலையிறவுப் பாலத்தடியில் ஒரு சிப்பாய் சிங்களப் பைலா (துள்ளி ஆடுகிற பாட்டு) ஒன்று வாசிக்கச் சொல்லிக் கேட்டு, வரிசையில் நின்ற சனம் முழுக்கச் சிரிக்கும் வரைக்கும் விடவில்லையாம். அன்றைக்குக் கச்சேரி ஒன்றரை மணித்தியாலம் பிந்தியது.

டக்

அந்தக் கொக்கிதான் விஷயமே.

மாஸ்டர் வீட்டுக் கச்சேரிக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. தொடக்கத்தில் ஆர்மோனியத்தோடு ஒரு பிள்ளையார் பாட்டு. பிறகு ஆர்மோனியத்துக்கு ஒரு சிவப்புத் துணியைப் போர்த்தி ஓரத்தில் வைத்துவிடுவார்கள். மூன்று நாலு மணித்தியாலம் சினிமாப் பாட்டு, பக்திப் பாட்டு, இடையில் நடுவிலானின் பகிடி. கடைசியில் பைலா. பைலாவுக்குப் பெடியன்கள் ஆடிக் களைத்துப் புழுதி அடங்குகிற நேரம் மற்ற எல்லா வாத்தியமும் நின்றுவிடும். மாஸ்டர் சிவப்புத் துணியை எடுத்துவிட்டு உட்கார்ந்து, தனியாக மங்களம் பாடுவார். இரண்டு நிமிடம் இருக்கும். முடிந்ததும் துருத்தியை அமுக்கி மிச்சக் காற்றை வெளியேற்றி, ஸ்டொப்பர்களை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளி, பித்தளைக் கொக்கியை மாட்டுவார். மைக் இன்னும் வாயருகில் இருக்கும். அந்தச் சத்தம் ஊர் முழுக்க இருக்கிற சவுண்ட் பொக்ஸ் எல்லாவற்றாலும் வரும். டக்.

அதுதான் கச்சேரி முடிந்ததற்கு அடையாளம். யாரும் நன்றியுரை கேட்கக் காத்திருக்க மாட்டார்கள். டக் என்றதும் பாய் சுருட்டுகிற சத்தம் கேட்கும். சின்ன வயதில் நான் ஒரு கச்சேரியாவது முழுதாகப் பார்த்ததில்லை. மூன்றாவது பாட்டிலேயே அம்மாவின் மடியில் நித்திரை. ஆனால் அம்மா என்னை எழுப்பியதும் இல்லை. டக் என்று கேட்டால் நானே எழும்பிவிடுவேனாம், கண்ணைத் திறக்காமலே செருப்பைத் தேடுவேனாம்.

பிறகு நான் படக்காரன் ஆனேன். முதன்முதல் கூலிக்குப் படம் எடுத்தது இவர்களுக்குத்தான், ஒரு கல்யாண வீட்டில், இரவல் கமெராவில். ஒரு சுருளில் 36 படம். சுருளுக்குக் காசு, கழுவக் காசு, அச்சுக்குக் காசு. ஆகவே எண்ணி எண்ணித்தான் எடுப்போம். அந்த 36இல் கடைசி ஒன்றை நான் எப்போதும் கொக்கிக்கு என்று வைத்திருப்பேன். மணமகளின் பெரியம்மா வந்து இன்னும் ஒன்று எடு மகன் என்று கெஞ்சினாலும் சுருள் முடிந்துவிட்டது என்று பொய் சொல்லியிருக்கிறேன். அப்படி எத்தனை கச்சேரி, எத்தனை கொக்கிப் படம். அதில் ஒன்றும் இன்றைக்கு இல்லை. நெகட்டிவ் எல்லாம் பிஸ்கட் டின்னில் போட்டு கல்லடிக் கடற்கரைப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டில் வைத்திருந்தேன். 2004 மார்கழி 26 காலையில் சுனாமியில் வீடும் போனது, டின்களும் போயின. மாஸ்டர் வீடு நாவலடியில். நாவலடியில் என்ன மிஞ்சியது என்று எல்லாருக்கும் தெரியும். அவர்கள் தப்பியதற்கு ஒரே காரணம், நத்தார் இரவு படுவான்கரையில் ஒரு கச்சேரி, இரவில் பாதை இல்லாததால் அங்கேயே படுத்துவிட்டார்கள். ஆளும் வாத்தியமும் மிஞ்சின, வீட்டில் ஒரு கரண்டிகூட மிஞ்சவில்லை. அதற்குப் பிறகுதான் களுவாஞ்சிக்குடிப் பக்கம் டீச்சரின் ஊருக்குக் குடிவந்தார்கள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது

ஏன் நிறுத்தினார்கள் என்று பெரிதாக எழுத ஒன்றுமில்லை. மூத்தவன் போய்க் கன காலம். சின்னவனுக்குக் கட்டாரில் வேலை சரிவந்துவிட்டது. கல்யாண வீடுகளுக்கு டீஜேக்காரர்கள் பாதிக் காசில் வருகிறார்கள். இதெல்லாம் இருந்தும் இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். மாஸ்டரின் வலது கை நடுங்கத் தொடங்கியபோதுதான் டீச்சர் கொப்பியை மூடினார். கண்ணகி அம்மன் சடங்கு முடிந்து, அம்மனைக் குளிர்விக்கிற குளிர்த்தியும் ஆகி, அடுத்த வெள்ளிக்கிழமை கடைசிக் கச்சேரி என்று முடிவானது.

மூத்தவன் வருவதாகத்தான் இருந்தான். முதுகில் சத்திரசிகிச்சை, விமானத்தில் ஏறக்கூடாது என்றுவிட்டார்கள். நான் நேரில் வர முடியாதவன், நீதான் என்ர கண் மச்சான் என்று போனில் சொன்னான். சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். காசும் அனுப்பியிருந்தான். வாங்க மறுத்தேன், பிறகு வாங்கிக்கொண்டேன்.

அன்றைக்குக் கச்சான் காற்று. புழுதி என்றால் அப்படியொரு புழுதி. கடலை விற்கிற ஐயாவின் பெற்றோல்மாக்ஸ்கூட மங்கலாகத்தான் தெரிந்தது. நான் இரண்டு கமெரா கொண்டுபோயிருந்தேன், ஒன்றில் 35 மி.மீ. லென்ஸ், மற்றதில் 85. லென்ஸ் மாற்றத் திறந்தால் சென்சரில் மண்தான், ஆகவே மாற்றவே இல்லை. மேடை விளக்கு எல்லாம் இப்போது எல்.ஈ.டி. அந்த ஊதாவும் நீலமும் நம்முடைய முகங்களுக்கு என்ன செய்யும் என்று படம் எடுக்கிறவர்களுக்குத் தெரியும். மனிதர்கள் கத்தரிக்காய் நிறத்தில் வருவார்கள். மினுக்கம் வேறு. கண்ணுக்குத் தெரியாது, ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் படத்தில் பட்டை பட்டையாக விழும். இங்கே மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் 1/100 வினாடியை விட்டு ஏறாமல் நின்றேன், ஐ.எஸ்.ஓ.வை, அதாவது சென்சரின் ஒளியுணர்வை, 6400 வரைக்கும் கொண்டுபோனேன். ட்றம்ஸ் குச்சி அசைந்து கோடாக வந்தால் வரட்டும், முகம் நின்றால் போதும். லைட்டுக்கு நின்ற பெடியனுக்குப் பிளேன்டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து, மங்களத்துக்கு மட்டும் ஊதா எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மஞ்சள் ஒன்றைத் தா தம்பி என்று கேட்டுவைத்திருந்தேன். கொக்கிப் படத்தை எங்கே நின்று எடுப்பது என்று பின்னேரமே போய்ப் பார்த்து, மேடையின் இடது மூலையில் ஒரு செங்கல்லைக்கூட வைத்துவிட்டு வந்தேன்.

இவ்வளவும் ஏன் சொல்கிறேன் என்றால், நான் ஆயத்தமில்லாமல் போகவில்லை என்பதற்காக. அன்றிரவு 1,412 படம் எடுத்தேன். அட்டை 128 ஜிபி, பாதிகூட நிரம்பவில்லை.

கச்சேரி நன்றாகத்தான் போனது. மகளுக்கு இரண்டாவது பாட்டிலேயே குரல் உடைந்தது, பிறகு சமாளித்துக்கொண்டார். மூத்தவனின் இடத்தில் அவனுடைய பழைய ஓகனை வைத்து, அதற்கு முன்னால் ஒரு வெறுங்கதிரை. அதைப் படம் எடுக்கச் சொல்லி மூன்று பேர் வந்து என் தோளைத் தட்டினார்கள். எடுத்தேன். அது எல்லாரும் எடுக்கிற படம். பைலாவுக்கு அறுபது வயதுக்காரர்களும் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஆடினார்கள். பிறகு புழுதி அடங்கியது. லைட் பெடியன் சொல் தவறாமல் மஞ்சளைப் போட்டான். நான் செங்கல்லில் ஏறினேன்.

மங்களம் முடிந்தது. கை நடுங்கினாலும் மாஸ்டர் அதில் ஒரு சுரம் தவறவில்லை. துருத்தியை அமுக்கினார். ஸ்டொப்பர்களைத் தள்ளினார். கொக்கியை எடுத்து மாட்டப்போனார். விரல் நடுங்கி அது வளையத்தில் பட்டு நழுவியது. மைக்கில் ஒரு சின்ன டிக். முன்வரிசையில் எழும்பப்போன சனம் அப்படியே நின்றது. மறுபடியும் எடுத்தார். மறுபடியும் டிக். மகள் ஓடிவந்து குனிந்து கையை வைத்தார். மாஸ்டர் அவரைப் பார்க்கவும் இல்லை. இடக்கையால் மெல்ல மகளின் கையை நகர்த்திவிட்டு, வலக்கையை மடியில் வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். அவ்வளவு சனம் கூடியிருந்த வீதியில் லைட் இஞ்சின் சத்தம் மட்டும்தான். பிறகு மூன்றாம் தரம்.

அந்த நேரம் என் கையில் கமெரா இல்லை. கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எப்போது இறக்கினேன் என்று தெரியவில்லை, முதல் டிக்குக்கும் இரண்டாவதுக்கும் இடையில் இருக்கலாம். கண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. ஆகவே கண்ணால் பார்த்தேன் என்று நான் முகநூலில் எழுதியதுகூட முழு உண்மை இல்லை. கேட்டேன், அவ்வளவுதான்.

அழுறதுக்கு இஞ்ச ஆள் இரிக்கு

இரண்டு நாள் கழித்து மூத்தவன் போன் எடுத்தான். படங்களை ஏற்றி அனுப்பியிருந்தேன். எல்லாம் நல்லாயிரிக்கு மச்சான், மச்சாளின் பைலாப் படம் அற்புதம் என்று சொல்லிக்கொண்டே போனவன், கடைசியில் கேட்டான்: "அப்பா பெட்டி பூட்டினது எங்க? வேற போல்டரா?"

யாரோ முகநூலில் நேரலை போட்டிருக்கிறார்கள். பைலா வரைக்கும் அவன் பார்த்திருக்கிறான். அதோடு ஊரில் இருந்த அத்தனை போனும் ஒரே சிக்னல் கோபுரத்தைப் பிடித்து இழுத்ததில் நேரலை நின்று வட்டம் சுற்றத் தொடங்கிவிட்டது. அவனுக்கு மங்களமும் இல்லை, கொக்கியும் இல்லை. நான் எழுதிய நாலு வரியை அவன் வாசித்திருக்கவில்லை. சொன்னேன். அந்தப் பக்கம் கன நேரம் சத்தமில்லை. "சரி மச்சான், பறவாயில்ல" என்றான். ஏசியிருந்தால் எனக்கு இவ்வளவு நாள் இழுத்திருக்காது.

டீச்சர் அப்படி இல்லை. அல்பத்துக்குப் படம் தெரிவு செய்ய வீட்டுக்குப் போனபோது நானே விஷயத்தை எடுத்தேன். மனசு தாங்கவில்லை டீச்சர், அழுதுட்டன் என்றேன். டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நாங்க அழுவம் எண்டு தெரிஞ்சுதானே உன்னக் கூப்பிட்ட. அழுறதுக்கு இஞ்ச ஆள் இரிக்கு மகன். பாக்கிறதுக்குத்தான் ஆள் இல்லாம இருந்த."

மாஸ்டர் உள்ளே இருந்தார், கேட்டிருக்கும். ஒன்றும் சொல்லவில்லை. டீச்சர் விடவில்லை. தொண்ணூறுகளில் ஒரு இரவு, எந்த ஊர் என்று அவருக்கு மறந்துவிட்டது, கச்சேரி நடுவில் ஒருவர் மேடைக்கு ஒரு துண்டு கொண்டுவந்து கொடுத்தாராம். மாஸ்டரின் தம்பியின் மகன் போய்விட்டான் என்ற செய்தி. மாஸ்டர் வாசித்துவிட்டுத் துண்டை மடித்துச் சேர்ட் பைக்குள் வைத்தார். இன்னும் நாலு பாட்டு, பைலா, மங்களம், கொக்கி. அதற்குப் பிறகுதான் பிள்ளைகளுக்குச் சொன்னார். "பைக்குள்ள துண்ட வச்சிட்டு மனிசன் பைலா வாசிச்சவர். உனக்கு ஒரு நிமிசம் ஏலாமப் போச்சா?"

நான் தேத்தண்ணியைக் குடிக்காமல் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது. நான் என்ன இயந்திரமா என்று இரண்டு நாள் எனக்குள்ளேயே வாதாடினேன். அந்த வாதத்தில் நான் வெல்லவே இல்லை. சாவீட்டில் பறைமேளம் அடிக்கிறவர் அழுது நான் கண்டதில்லை. அழுதால் அடி பிசகும், பிசகினால் வீட்டுக்காரர் எந்தத் தாளத்தில் அழுவது? அவருக்குத் துக்கம் இல்லை என்று யாராவது நினைப்பார்களா? கமெராவை இறக்கிவைத்துவிட்டுக் கணத்தை அனுபவி என்கிற அறிவுரை எல்லாம், படம் தனக்காக எடுக்கிறவனுக்குச் சரி. பேரப்பிள்ளையின் பிறந்தநாளில் கேக் வெட்டும்போது போனை வைத்துவிட்டுக் கைதட்டு, நல்ல விஷயம். நான் அன்றைக்கு எனக்காகப் போகவில்லை. ரொறன்ரோவில் முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்த ஒருவனின் கண்ணாகப் போனேன், அதற்குக் காசும் வாங்கினேன். அந்தக் கண்ணை நான் என்னுடைய அழுகைக்குப் பாவித்துவிட்டேன். போதாததற்கு அதை எழுதி இதயமும் வாங்கினேன்.

36 படத்தில் ஒன்றை ஒதுக்கி வைக்கத் தெரிந்திருந்த எனக்கு, 1,412இல் அதற்கு இடம் இல்லாமல் போயிருக்கிறது. இதைக் காலம் கெட்டுவிட்டது என்று சொல்லித் தப்பவும் முடியாது. கமெரா தயார், லைட் தயார், செங்கல்கூடத் தயார்.

பதினொரு வினாடி

ஆனி கடைசியில் நடுவிலான் ஒரு வாட்ஸ்அப் வீடியோ அனுப்பினான். யாரிடமிருந்தோ யாருக்கோ போய் நாலைந்து கை மாறி வந்தது. நெட்டுக்குப் பிடித்தது, பதினொரு வினாடி. பாதிச் சட்டத்தை முன்னால் நிற்கிறவரின் காது மறைக்கிறது. மற்றப் பாதியில் மஞ்சள் வெளிச்சத்தில் மாஸ்டரின் கை, கொக்கி, பக்கத்தில் மகளின் நகர்த்தப்பட்ட கை. முகம் இல்லை. இடது ஓரத்தில், செங்கல்லில், கழுத்தில் கமெரா தொங்க நான் நிற்கிறேன். அதை முதலில் நான் கவனிக்கவில்லை. டீச்சர்தான் காட்டினார்.

மூன்றாம் தரத்தில் கொக்கி விழுகிற அந்த ஒரு சட்டத்தை வெட்டி எடுத்து 8க்கு 12 அங்குலத்தில் நானே அச்சடித்தேன். அந்த அளவுக்கு அது தாங்காது. கை எங்கே முடிகிறது, பித்தளை எங்கே தொடங்குகிறது என்று கட்டம் கட்டமாகத்தான் தெரியும். என்னை வெட்டிவிடலாமா என்று கேட்டேன். இருக்கட்டும் என்றார் டீச்சர். சட்டம் போட்டு அவர்கள் வீட்டு விறாந்தையில், ஆர்மோனியத்துக்கு மேலே மாட்டியிருக்கிறது. இன்னொரு பிரதி ரொறன்ரோவுக்குப் போனது. என்னுடைய 1,412இல் ஒன்றும் அந்தச் சுவரில் இல்லை.

எடுத்தது யார் என்று கன நாள் விசாரித்தேன். போன கிழமை ஆளே கடைக்கு வந்தான், அடையாள அட்டைக்குப் படம் எடுக்க. பத்தாம் ஆண்டு படிக்கிற பெடியன், அந்த ஊர்தான். கதையோடு கதையாகத் தெரியவந்தது. நான் எழும்பிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். நீ எப்படித் தம்பி அந்த நேரத்தில் போனை ஆடாமல் பிடித்தாய் என்று கேட்டேன். அவனுக்கு வெட்கம்.

"படத்துக்கு எடுக்கல்ல அங்கிள். அந்தச் சத்தத்துக்குத்தான். ரிங்டோனுக்கு."

உட்கார வைத்து, சேர்ட் கொலரைச் சரிசெய்து, நாடியைக் கொஞ்சம் தூக்கச் சொல்லி, நானும் என்னுடைய கதிரையில் உட்கார்ந்து கமெராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனேன். அந்த நேரம் பார்த்து அவனுடைய பைக்குள் போன் அடித்தது. டிக். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் டிக். பிறகு லைட் இஞ்சின் சத்தம் மட்டும், நீளமாக.

டக் என்றதும் நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன்.